கர்த்தருடைய பெயரில் ஒரு கன்றுக்குட்டி: பணம், தலைவர், கொடி முன்னால் அமெரிக்கக் கிறிஸ்தவம்

1998 ஜூன். அதிபர் பில் கிளிண்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண்ணுக்கும் இருந்த உறவு அமெரிக்கா முழுக்கப் பேச்சாக இருந்த நேரம். அந்த நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப்பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் சால்ட் லேக் சிட்டியில் கூடி, பொதுப் பதவியில் இருப்பவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. தலைவர்களின் பெரிய தவறுகளைப் பொறுத்துக்கொண்டே போனால் சமூகத்தின் மனசாட்சி மரத்துப்போகும், அது கடவுளின் நியாயத்தீர்ப்பில் கொண்டுபோய் விடும் என்பது அதன் சாரம். நாட்டில் பணப்புழக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மக்கள் தலைவர்களின் ஒழுக்கக்கேட்டைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்களே என்ற வருத்தமும் அதில் இருந்தது.

2011இல் பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா? வேத அதிகாரத்தையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட்களான வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். இந்த விஷயத்தில் மற்ற எந்த மதப் பிரிவினரையும்விடக் கண்டிப்பாக இருந்தவர்கள் அவர்கள். 2016இல் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது, முடியும் என்றவர்கள் 72 சதவீதம். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில், வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி, வெள்ளையின இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் டொனால்ட் டிரம்புக்கு வாக்களித்திருந்தார்கள்.

இந்த ஐந்து வருடத்தில் வேதம் மாறவில்லை. விபசாரத்தைப் பற்றியோ பொய்யைப் பற்றியோ எந்தச் சபையும் புதிய உபதேசம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதே பாட்டு, அதே ஜெபம். நடுவில் வந்தது ஒன்றே ஒன்று: அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு மனிதர். அந்தத் தேவைக்கு ஏற்றபடி மனசாட்சியின் அளவுகோல் நகர்ந்துகொடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுவது விக்கிரக ஆராதனை ஆகாது. கருக்கலைப்பு விஷயத்தில் தங்கள் நம்பிக்கைக்கு ஒத்த நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு டிரம்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏராளம். 2022இல் அந்த நீதிபதிகள் கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் வருடத்துத் தீர்ப்பை ரத்து செய்தபோது அந்தக் கணக்கு சரியாகவும் வந்தது. கணக்குப் பார்த்து ஓட்டுப் போடுபவர், அந்த ஆளின் தவறைத் தவறு என்று சொல்லத் தடையில்லாமல் இருக்கிறார் என்றால் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தவறைத் தவறு என்று சொல்ல முடியாமல் போகிற இடத்தில்தான் வேறு ஏதோ தொடங்குகிறது. அந்த வேறு ஏதோ எப்படித் தொடங்கும் என்பதை யாத்திராகமம் 32ஆம் அதிகாரம் நுணுக்கமாகச் சொல்கிறது.

மோசே மலைமேல் ஏறிப்போய் நாளாகிவிட்டது. அவருக்கு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஜனங்களுக்குப் பயம். ஆரோனைச் சூழ்ந்துகொண்டு, எங்களுக்கு முன்னால் போகும் தெய்வங்களை உண்டாக்கித் தாரும் என்கிறார்கள். மனைவி, மகன், மகள் காதுகளில் கிடக்கும் பொன்னைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறார் ஆரோன். வந்த பொன்னை வாங்கி உருக்கி, கருவியால் கடைந்து ஒரு கன்றுக்குட்டி செய்கிறார். அதன் முன்னால் பலிபீடம் கட்டுகிறார். கட்டிவிட்டு அவர் போடும் அறிவிப்பைத்தான் நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம்: நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை. பாகாலுக்கு அல்ல, எகிப்தின் தெய்வங்களுக்கும் அல்ல. எகிப்திலிருந்து விடுவித்த அதே கர்த்தருக்கு. பழைய தெய்வத்தை விட்டுவிட்டோம் என்று அந்தப் பாளயத்தில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். தங்கள் தெய்வம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, முன்னால் நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு மோசே வந்து கேட்கும்போது ஆரோன் சொல்லும் பதிலும் கவனிக்க வேண்டியது. பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறார். தானே கடைந்ததை, தானாக வந்தது என்று சொல்கிறார் ஆசாரியர்.

பயம், சொந்தப் பொன், நெருக்கடிக்கு வளைந்துகொடுக்கும் ஆசாரியர், கடைசியில் அதன்மேல் வைக்கப்படும் கர்த்தருடைய பெயர். இந்த நான்கும் சேர்ந்தால்தான் சிலை நிற்கும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அதை எந்த விசுவாசியும் சட்டென்று அடையாளம் கண்டுவிடுவார்.

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விக்கிரகம் என்றதும் அடுத்த தெருக் கோயில்தான் நினைவுக்கு வரும். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்யும்போதே அது மற்றவர்களுடைய பாவம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இது அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை அவமதிக்கும் பழக்கம் என்பது ஒருபக்கம். வேதத்தையே தப்பாக வாசிக்க வைக்கும் பழக்கம் என்பது இன்னொரு பக்கம். எரேமியாவும் ஓசியாவும் எசேக்கியேலும் விக்கிரகத்தைப் பற்றி எரிந்து பேசியது பெரும்பாலும் தங்கள் சொந்த ஜனத்திடம். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது "விக்கிரகாராதனையான பொருளாசை" என்று சொன்னதும் ஞானஸ்நானம் எடுத்து சபைக்குள் வந்துவிட்டவர்களிடம்தான்.

2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த சிபேக் என்ற பழமைவாதிகளின் மாநாட்டில் டிரம்பின் பொன்னிற ஃபைபர்கிளாஸ் சிலை ஒன்றை வைத்திருந்தார்கள். கொடி நிறத்தில் அரைக்கால் சட்டை, சிவப்பு டை, கையில் ஒரு மந்திரக்கோல். பலர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்கக் கன்றுக்குட்டி என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சிலை அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. அதைக் கும்பிட்டவர் யாரும் இல்லை, கர்த்தருடைய பெயரையும் அதன்மேல் யாரும் எழுதவில்லை. அந்தப் பெயர் எழுதப்பட்ட இடம் வேறு.

ஏசாயா 45ஆம் அதிகாரம் பெர்சிய ராஜாவான கோரேசைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் என்று சொல்கிறது. இஸ்ரவேலின் தேவனை அறியாத ராஜா. ஆனாலும் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஊர் திரும்பவும் ஆலயத்தைக் கட்டவும் அவர் மூலமாக வழி பிறந்தது. டிரம்ப் அமெரிக்காவின் 45ஆவது அதிபர், வசனமும் 45ஆம் அதிகாரம், ஆகவே இவர்தான் இந்தக் காலத்துக் கோரேசு என்று 2016 தேர்தலுக்கு முன்பே லான்ஸ் வால்நாவ் என்ற பிரசங்கியார் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 2018இல் இஸ்ரேலில் ஓர் அமைப்பு டிரம்பின் முகத்தையும் கோரேசின் முகத்தையும் ஒன்றாகப் பொறித்து நாணயமே வெளியிட்டது.

இந்த ஒப்பீடு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். தாவீது ராஜா தவறு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள் போய், அந்த மனுஷன் நீயே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தாவீதோடு ஒப்பிட்டால் நாத்தானும் கூடவே வந்துவிடுவார், மனந்திரும்புதலும் வரும். கோரேசோடு ஒப்பிட்டால் அந்தத் தொல்லை இல்லை. விசுவாசியாக இல்லாத ராஜாவிடம் யார் மனந்திரும்புதலைக் கேட்பார்கள்? கடவுள் இவரைப் பயன்படுத்துகிறார் என்ற ஒரே வரியில் கேள்வி கேட்கும் பொறுப்பு போதகரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. ஆனால் ஏசாயாவின் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தால் அங்கே புகழ் முழுவதும் கர்த்தருக்கே போகிறது. கோரேசின் பக்கம் அணிதிரள வேண்டும் என்று அது யாரையும் கேட்கவில்லை.

இதன் விளைவை ரஸ்ஸல் மூர் சொன்னார். சதர்ன் பாப்டிஸ்ட் சபையின் பொதுக்கொள்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்து, டிரம்பை விமர்சித்து, 2021இல் அந்தப் பொறுப்பை விட்டு வந்தவர் அவர். மலைப்பிரசங்கத்திலிருந்து, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தைப் பிரசங்கத்தில் சொன்ன போதகர்களிடம், ஆராதனை முடிந்ததும் ஆட்கள் வந்து, இந்த இடதுசாரிப் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்களாம். ஐயா, அது இயேசு கிறிஸ்துவே சொன்னது என்று போதகர் பதில் சொன்னால், கேட்டவர்கள் சங்கடப்படவில்லை. அதெல்லாம் இப்போது உதவாது, அது பலவீனம் என்றார்களாம். பல போதகர்கள் தன்னிடம் இதையே சொன்னதாக 2023இல் ஒரு வானொலிப் பேட்டியில் அவர் குறிப்பிட்டார். இதைக் கேட்டதிலிருந்து என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இயேசுவின் பெயருக்காகப் போராடுகிறோம் என்று சொல்பவர்களுக்கு இயேசுவின் வார்த்தை உதவாத சரக்காகிவிட்டது.

இது நேற்று முளைத்த நோய் இல்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று பிடித்துவந்தவர்களை எப்படிச் சோதிக்கிறேன் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். பேரரசரின் உருவத்துக்கு முன்னால் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை. உண்மையான கிறிஸ்தவர்களை இதற்கு வற்புறுத்தவே முடியாதாம் என்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அடுத்த இருநூறு வருடம் தாண்டி வருவோம். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிந்த கையோடு, பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விருந்துக்கு ஆயர்களை அழைக்கிறார். முந்தைய உபத்திரவத்தில் கண் போனவர்களும் கால் நரம்பு அறுக்கப்பட்டவர்களும் அந்தச் சங்கத்துக்கு வந்திருந்தார்கள். உருவிய வாளோடு காவலர்கள் வாசலில் நிற்க, ஆயர்கள் பயமில்லாமல் அவர்களைக் கடந்து அரண்மனையின் உள்ளறைக்குப் போய்ப் பந்தியில் அமர்ந்தார்கள். கிறிஸ்துவின் ராஜ்யத்தின் காட்சியைக் காண்பது போலத் தோன்றியது என்று எழுதினார் செசரியாவின் ஆயர் யூசேபியஸ்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நேற்றுவரை தலை எடுத்த வாள் இன்று காவல் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் கண் கலங்காது? ஆபத்தே அந்த நன்றியுணர்வில்தான் இருக்கிறது. காப்பாற்றியவரிடம் கேள்வி கேட்க நாக்கு எழாது. சிறுபான்மையாக வாழும் கிறிஸ்தவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சோதனை. தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் பேராயர்களைப் போய்ப் பார்ப்பதும், எந்தக் கட்சி வந்தால் நமக்குப் பாதுகாப்பு என்ற பேச்சு ஆலய வளாகத்தில் நடப்பதும் எல்லோரும் அறிந்ததுதான். பாதுகாப்பு தேடுவது நியாயம். பாதுகாப்பு தருபவரின் எல்லாக் காரியத்துக்கும் ஆமென் சொல்வது அந்த நியாயத்தில் சேராது.

1956இல் மெட்ராஸுக்கு வந்து பெருங்கூட்டத்துக்குப் பிரசங்கித்த பில்லி கிரஹாமை நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் அறிவார்கள். அவர் அதிபர் ரிச்சர்ட் நிக்ஸனுக்கு மிகவும் நெருக்கமாக இருந்தார். 1972இல் நிக்ஸனின் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, ஊடகங்களில் யூதர்களின் ஆதிக்கம் என்று அதிபர் தொடங்க, கிரஹாம் மறுத்துப் பேசாததோடு தானும் அதே ரீதியில் பேசினார். அந்த ஒலிநாடா 2002இல் வெளியானபோது மன்னிப்புக் கேட்டார். பிற்காலத்தில், திரும்ப வாழ வாய்ப்புக் கிடைத்தால் அரசியலிலிருந்து விலகியே நிற்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் மதித்த ஒரு ஊழியருக்கே அந்த அறைக்குள் போனதும் நாத்தானின் வார்த்தை வரவில்லை.

அப்புறம் பணம். தலைவரை வணங்குவதற்கும் பணத்தை வணங்குவதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸ். 1947இல், மூன்றாம் யோவான் நிருபத்தின் இரண்டாம் வசனம் தன் கண்ணைத் திறந்தது என்பது அவர் சொன்ன சாட்சி. "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்ற வசனம் அது. மூப்பர் ஒருவர் காயு என்ற நண்பருக்குக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிய நலவிசாரிப்பு. நலமா, நலமறிய ஆவல் என்று நாம் எழுதுவோமே, அந்த வகை. அதை எல்லா விசுவாசிக்கும் கடவுள் தந்த செல்வ வாக்குறுதியாக ஆக்கிக்கொண்டார்கள். காணிக்கை ஒரு விதை, விதைத்தால் பல மடங்காக அறுக்கலாம் என்ற உபதேசத்தையும் பரப்பியவர் ராபர்ட்ஸ்தான். தமிழ்க் கிறிஸ்தவத் தொலைக்காட்சிகளிலும் யூடியூபிலும் இன்று புழங்கும் விதைக் காணிக்கைப் பேச்சுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதை எதிர்க்கும் நம் போதகர்கள் செழிப்பு உபதேசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விதைத்தவர்களின் பணம் எங்கே போனது என்பதற்கு அமெரிக்காவிலேயே பகிரங்கமான உதாரணங்கள் உண்டு. கிரெஃப்லோ டாலர் என்ற போதகர் 2015இல் ஏறக்குறைய 65 மில்லியன் டாலர் விலையுள்ள கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்துக்காக விசுவாசிகளிடம் பணம் கேட்டார். 2018இல் ஜெஸ்ஸி டுப்லான்டிஸ் 54 மில்லியன் டாலர் விமானம் ஒன்றுக்காகக் கேட்டார். பொது விமானத்தில் போவதைப் பிசாசுகளோடு நீண்ட குழாய்க்குள் அடைபடுவதாகத் தொலைக்காட்சியில் பேசினார் கென்னத் கோப்லண்ட். 2007இல் சார்ல்ஸ் கிராஸ்லி என்ற செனட்டர் இப்படிப்பட்ட ஆறு ஊழியங்களின் கணக்குகளைக் கேட்டு விசாரணை தொடங்கினார். சிலர் கணக்கைக் காட்டினார்கள், சிலர் மறுத்தார்கள். 2011இல் எந்தத் தண்டனையும் இல்லாமல் விசாரணை முடிந்தது.

விமானங்களைவிட எனக்கு வலிப்பது அந்த உபதேசம் ஏழையை என்ன செய்கிறது என்பதுதான். செல்வம் விசுவாசத்தின் பலன் என்றால், வறுமை விசுவாசக் குறைவு என்றாகிவிடும். நோய் தீராத வீட்டில், வேலை கிடைக்காத வீட்டில், நான்தான் சரியாக விசுவாசிக்கவில்லை போலிருக்கிறது என்ற குற்றவுணர்வு வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பெரிய விதையாகப் போடுவார்கள். விதவையின் இரண்டு காசைக் காட்டி இவர்கள் காணிக்கை வாங்குவதுண்டு. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்த விதவை வருவதற்குச் சற்று முன்னால்தான் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சித்து நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரைக் கண்டிக்கிறார். அந்த வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று ஒரு தலைமுறை கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், பெரும் செல்வந்தரான ஒருவர் தேர்தலில் நிற்கும்போது அவர் ஆசீர்வதிக்கப்பட்டவராகத்தானே தெரிவார்? இந்தத் தொடர்பு வெறும் ஊகம் இல்லை. நேர்மறை எண்ணத்தின் வல்லமையைப் போதித்துப் புகழ்பெற்ற நார்மன் வின்சென்ட் பீலின் மன்ஹாட்டன் ஆலயத்துக்கு டிரம்ப் குடும்பம் போய்வந்தது. 1977இல் டிரம்பின் முதல் திருமணத்தை நடத்திவைத்தவரும் பீல்தான். 2017 பதவியேற்பில் ஜெபித்தவர்களில் ஒருவரான பாலா வைட், கிராஸ்லி கணக்குக் கேட்ட அந்த ஆறு ஊழியங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். 2025இல் வெள்ளை மாளிகையின் விசுவாச அலுவலகத்தின் பொறுப்பு அவரிடம் போனது. நல்ல வேளையாகத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றித் தான் போதித்தது தவறு, அந்தப் புத்தகங்களையும் ஒளிநாடாக்களையும் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று 2022இல் சொன்னார் அதே கிரெஃப்லோ டாலர்.

இனி கொடி. அமெரிக்காவின் பல ஆலயங்களில் பிரசங்க பீடத்தின் ஒருபக்கம் தேசியக் கொடியும் மறுபக்கம், வெள்ளைத் துணியில் நீலக் கட்டமும் சிவப்புச் சிலுவையும் உள்ள கிறிஸ்தவக் கொடியும் நிற்கும். அங்கே வளர்ந்தவர்களுக்கு அது பழங்காலத்திலிருந்தே இருப்பது போலத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவக் கொடி என்ற யோசனையே 1897இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒரு ஞாயிறு பள்ளியில் பிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியை 1892இல் எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர். அவர் எழுதியதில் கடவுள் பெயர் இல்லை. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் அதிபர் ஐசன்ஹோவர் ஆலயத்தில் அமர்ந்து கேட்க, ஜார்ஜ் டோகர்ட்டி என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் பிரசங்கித்தார். இந்த உறுதிமொழியை மாஸ்கோப் பிள்ளைகளும் அவர்கள் கொடியைப் பார்த்துச் சொல்லிவிடலாமே, நம்மை வேறுபடுத்திக் காட்ட இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதே வருடம் ஜூன் 14, கொடி நாளில், கடவுளுக்குக் கீழ்ப்பட்ட தேசம் என்ற பொருள்படும் சொற்கள் உறுதிமொழியில் சட்டப்படி சேர்ந்தன. 1956இல் கடவுளை நம்புகிறோம் என்பது தேசிய வாசகம் ஆனது.

டோகர்ட்டியின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வாதத்தில் கடவுள் பெயர் எதற்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். எதிரி நாட்டிலிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவதற்கு. அங்கிருந்து எழுபது வருடம் வந்தால், 2024 பரிசுத்த வாரத்தில் டிரம்ப் 59.99 டாலருக்கு ஒரு வேதாகமத்தை விளம்பரம் செய்கிறார். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்போடு அமெரிக்க அரசியல் சாசனம், சுதந்திரப் பிரகடனம், கொடி உறுதிமொழி, ஒரு நாட்டுப்பற்றுப் பாடலின் பல்லவி எல்லாம் ஒரே அட்டைக்குள். சாசனத்தில் முதல் பத்துத் திருத்தங்களோடு நிறுத்திவிட்டார்கள். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தம் அதில் இல்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தைத் தாக்கிய கூட்டத்தில் அந்தக் கிறிஸ்தவக் கொடி செனட் அவைக்குள்ளேயே போனது. அவைத்தலைவரின் மேடையில் நின்று இயேசுவின் பெயரில் ஜெபமும் செய்தார்கள்.

நல்ல அடையாளமே விக்கிரகமாக மாறும் கதை வேதத்தில் உண்டு. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கட்டும் என்று கர்த்தர் சொல்லியே மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்குப் பல நூறு வருடம் கழித்து இஸ்ரவேலர் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். மோசேயின் கையால் செய்த பொருளை உடைக்க எத்தனை துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

கொடி விஷயத்தில் அந்தத் துணிச்சலுக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர்கள், மற்ற சபைகள் கிறிஸ்தவர்களாகவே ஏற்றுக்கொள்ளாத யெகோவாவின் சாட்சிகள். 1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் கொடிக்கு வணக்கம் செலுத்தாத இரண்டு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1940 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தீர்ப்பு வந்த சில நாட்களில் பல ஊர்களில் கும்பல்கள் சாட்சிகளைத் தாக்கின. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களுடைய கூடத்தைக் கொளுத்தினார்கள். தாக்கியவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆலயம் போகும் ஊர்க்காரர்கள்தான். 1943இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. நம் பக்கத்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. 1985இல் கேரளத்தில் தேசியகீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும் வாய்திறந்து பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். நம் பாரம்பரியம் சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் அரசியல் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று எழுதினார்.

பணம், தலைவர், கொடி மூன்றும் ஒரே கூரைக்குள் வந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு பெர்லினின் மரியன்டோர்ஃப் பகுதியில் 1935இல் திறந்த மார்ட்டின் லூதர் நினைவு ஆலயம் இன்னும் சாட்சியாக நிற்கிறது. பிரசங்க பீடத்தில் மலைப்பிரசங்கம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் இயேசுவைச் சூழ்ந்து நின்று கேட்பவர்களில் இரும்புத்தொப்பி அணிந்த படைவீரர் ஒருவர். ஞானஸ்நானத் தொட்டியில் நாஜி அதிரடிப் படைக்காரர் ஒருவரின் உருவம். பலிபீடத்துக்கு முன்னுள்ள வளைவில் சுமார் 800 ஓடுகள். முள்முடி ஒன்றில் என்றால் நாஜிக் கழுகு இன்னொன்றில். போர் முடிந்த பிறகு ஸ்வஸ்திகாவை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். இதைக் கட்டியவர்கள் தங்களை ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவை விட்டுவிட்டோம் என்று அவர்களும் சொல்லவில்லை.

இவர்களை எதிர்த்த சபையார் 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடினார்கள். இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிக்கொடுத்த அறிக்கையின் முதல் பகுதி, நாம் கேட்கவும் கீழ்ப்படியவும் வேண்டிய தேவனின் ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்து, வேறு எந்த நிகழ்வையும் சக்தியையும் சபை அந்த இடத்தில் வைக்காது என்றது. அதை உயிரால் ஒப்பித்தவர்களில் ஒருவர் பவுல் ஷ்னைடர் என்ற கிராமப் போதகர். 1938 ஏப்ரல் 20, ஹிட்லர் பிறந்தநாளன்று, புக்கன்வால்ட் முகாமில் ஸ்வஸ்திகா கொடி ஏறும்போது கைதிகள் எல்லோரும் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது உத்தரவு. அவர் கழற்றவில்லை. சவுக்கால் அடித்துத் தனிமைச் சிறையில் போட்டார்கள். அங்கிருந்தும், வெளியே வரிசையில் நிற்கும் கைதிகளுக்குக் கேட்கும்படி ஜன்னல் வழியாக வேத வசனங்களைக் கூவிச் சொல்வாராம். ஒவ்வொரு முறையும் அடி. 1939 ஜூலை 18 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். மனைவியும் ஆறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

பார்மன் அறிக்கையில் ஒரு குறை இருக்கிறது. யூதர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள், தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த அண்டைவீட்டாருக்காக அதில் பேசவில்லை. 1967இல் ஒரு கடிதத்தில் பார்த் இதைத் தன் குற்றமாகவே உணர்வதாக எழுதினார். சிலையை மறுப்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கடிதம் மிகவும் தேவை.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற ஆலயங்கள் தேர்தலில் வேட்பாளரை ஆதரித்துப் பேசக் கூடாது என்று 1954இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் ஜான்சன் திருத்தம் என்பார்கள். பெரிதாக அமல்படுத்தவில்லை என்றாலும், உள்ளூர் அரசியல்வாதி வந்து கேட்கும்போது, சட்டம் விடாது ஐயா என்று சொல்லிச் சமாளிக்கப் போதகர்களுக்கு அது உதவியது. 2025 ஜூலையில், ஆராதனையில் தன் சபையாரிடம் போதகர் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது இந்தத் தடையில் அடங்காது என்று வரித்துறையே டெக்சாஸ் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. அந்த நிலைப்பாடு நிலைத்தால், ஒரு வேட்பாளரின் பெயர் திருவிருந்து மேசைக்கு முன்னால் ஒலிக்கலாமா என்பதை இனி வரித்துறை தீர்மானிக்காது. போதகரும் மூப்பர்களும் ஞாயிறு காலை பத்துமணிக்கு முன்னால் தாங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.